செங்கல் தெரியணும்

இந்த மண்டபம் இல்லீங்க, எதிர் மண்டபம். பத்திரிகையைக் காட்ட வேணாம். பத்திரிகையில இதுதான் போட்டிருக்கு, எனக்குத் தெரியும். அடிச்சவனே நான்தான். நாளைக் காலையில கல்யாணம், இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு, அதெல்லாம் சரி. எடம் மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம். அதோ, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு மீன் தொட்டி மாதிரி ஒண்ணு நிக்குது பாருங்க, துரைக்கண்ணு மகால், அதுதான். நான் யாரா? பொண்ணோட அப்பன். கலியமூர்த்தி. இந்த மண்டபத்துக்கு ஓனரும் நான்தான். சிரிக்காதீங்க.

நீங்க மாப்பிள்ளைக்கு என்ன வேணும்? ஒண்ணுவிட்ட சித்தப்பாவா? அட, அப்ப எனக்குச் சம்பந்தி முறைல்ல ஆவுது! வாங்க சம்பந்தி, வாங்க. பையை எறக்குங்க. பெரம்பலூர்லேர்ந்து பட்டுக்கோட்டை வரைக்கும் நின்னுக்கிட்டேவா வந்தீங்க? அடடா. இங்க இன்னொரு நாற்காலி இருக்கு, உக்காருங்க. கயித்தைத் தாண்டி வாங்க, கயிறு சும்மா கட்டியிருக்கு. நெழலா இருக்கும். ஏன் தயங்குறீங்க? மேல என்னத்தைப் பாக்குறீங்க? அது கடிக்காதுங்க, செவுருதான். சரி, ரோட்லயே நிக்கிறதுன்னா நில்லுங்க. மூணு மணிலேர்ந்து வந்தவங்க எல்லாரும் அங்கதான் நின்னு பேசிட்டுப் போனாங்க.

ஆனா அங்கேருந்து பாத்தாத்தான் செவுரு முழுசாத் தெரியும், அதையும் சொல்லணும். நல்லாப் பாருங்க. முப்பத்தஞ்சு அடி. பூச்சு கிடையாது, பெயிண்டு கிடையாது, மேலேர்ந்து கீழ வரைக்கும் செங்கல். நடுவுல ஆர்ச்சு, ஆர்ச்சுக்கு மேல செங்கல்லயே தாமரைப் பூ. இருபத்திநாலு வருஷம் முன்னால கேரளாப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன் சம்பந்தி. அங்க ஒரு ஓட்டல் இப்படித்தான் நின்னுச்சு. சாப்பாடு வாயில வைக்க வெளங்கல, செவுரு மட்டும் கண்ணுலயே நிக்குது. ஊருக்கு வந்ததும் என்ஜினியரைக் கூப்பிட்டு எனக்கு அப்படி வேணும்னேன். அவரு, ‘இது கடல்காத்து அடிக்கிற ஊரு, ஐப்பசி கார்த்திகை மழை வேற, பூசிடுங்க’ன்னாரு. ‘செங்கல் தெரியணும்’னு ஒரே வார்த்தைதான் சொன்னேன். கட்டி முடிச்சு மொத வருஷம் வந்தவன் போனவன் எல்லாம், ‘என்ன கலியமூர்த்தி, வேலை பாதியில நிக்குதே, கையில காசு பத்தலையா?’ன்னு கேட்டான். அந்தச் சனங்களுக்கு ரசனையைச் சொல்லிப் புரிய வைக்கவே எனக்கு அஞ்சு வருஷம் ஆச்சு.

நான் பாத்துக்காம விட்டுட்டேன்னு ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. அபாண்டம். பெத்த பொண்ணை அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டேன், இந்தச் செவுத்தை அப்படிக் குளிப்பாட்டியிருக்கேன். வருஷா வருஷம் தை மாசம், முகூர்த்தம் தொடங்குறதுக்கு முன்னாடி, ஆசிட் ஊத்தி பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவிடுவோம். ஒரு வருஷம் தவறுனதில்லை. கல்லு ஒவ்வொண்ணும் பளிச்சுனு ஆயிடும். கல்லுக்கு நடுவுல இருக்குற சாந்து கொஞ்சம் மணலா உதிரும், அது பழைய அழுக்கு. கூட்டித் தள்ளினா ரெண்டு பாண்டுச் சட்டி வரும்.

அப்புறம் சீரியல் லைட்டு. லைட்டு கட்டுறவன், வாழைமரம் கட்டுறவன், ஃபிளக்ஸ் கட்டுறவன், எல்லாரும் ஆணி அடிப்பான். ஒரு கல்யாணத்துக்கு அறுபது ஆணி. கல்லுல ஒரு ஆணி அடிச்சே, மண்டபத்துப் பக்கம் கால் வைக்கக் கூடாதுன்னு சொல்லிடுவேன். கல்லு அழகு போயிடும்ல? ரெண்டு கல்லுக்கு நடுவுல சாந்துலதான் அடிக்கணும். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு கல்லுல ஒரு ஓட்டை காட்டுங்க பாப்போம். அவ்வளவு கண்டிப்பு நானு.

உச்சியில பச்சையாத் தெரியுதா? அரச மரம். காக்கா போட்ட விதை, தானா மொளைச்சது. வெட்டுன்னு சொல்றாங்க. அரச மரத்தை வெட்டுறதாவது! அந்தப் பாவத்தை எங்க கொண்டு போய்க் கழுவுறது? அதுவும் கல்யாண மண்டபத்துல. அரசாணிக்கால் நடுறதுக்கு மத்தவன் எல்லாம் அரசங்கெளை எங்க கெடைக்கும்னு ஊரெல்லாம் சைக்கிள்ல அலையுறான். நம்ம மண்டபத்துல மாடிக்குப் போயி கையை நீட்டினா கெளை வரும். எத்தனை கல்யாணத்துக்கு நம்ம செவுத்து அரசைத்தான் நட்டிருக்கு! வேர் உள்ள எறங்கிக் கல்லைப் பொளக்குதுங்குறாங்க. வேர் உள்ள போனா பிடிச்சுக்கத்தானே செய்யும்?

மேஸ்திரி அந்தோணிசாமின்னு ஒருத்தர். கைவேலை சுத்தமான ஆளு, வாய்தான் ஜாஸ்தி. ஏழு வருஷம் முன்னால ஒரு சித்திரையில வந்தாரு. கரணைக் காம்பால செவுத்தைத் தட்டித் தட்டிக் காதை வச்சுக் கேட்டாரு. நடுவுல அங்க, தாமரைக்குக் கீழ, கொஞ்சம் வெளிய தள்ளியிருக்கு பாருங்க, அந்த எடத்துல தட்டினப்ப டொக்கு டொக்குன்னுச்சு. ‘சார், இது ரெண்டு செவுரு. வெளிச்செவுரு உள்செவுத்தைப் பிடிக்கவே இல்ல. புருசனும் பொஞ்சாதியும் பேச்சுவார்த்தை இல்லாம ஒரே வீட்ல இருக்குற மாதிரி நிக்குது’ன்னாரு. அப்படி நாப்பது வருஷம் குடும்பம் நடத்துனவங்களை எனக்குத் தெரியும்யான்னேன். ‘வயிறு தள்ளிடுச்சு சார்’ன்னாரு. எனக்குந்தான் தள்ளியிருக்கு, நான் விழுந்துட்டேனான்னேன். அந்தாளு சிரிக்கல. ‘மண்டபத்தை ஒரு மாசம் மூடுங்க. மேல இருக்கறதைக் கழட்டிட்டு, கம்பி வச்சுத் திருப்பிக் கட்டித் தர்றேன்’னாரு.

சரி, நியாயம். நான் ஒண்ணும் முரடன் இல்ல. ஆனா சித்திரையில எப்படி மூடுறது? முகூர்த்தமா வரிசை கட்டி நிக்குது. வைகாசி அதுக்கு மேல. ஆனியிலயும் இருக்கு. ‘ஆடியில கல்யாணம் இல்ல, மண்டபம் காலி, ஆடியில வாங்க’ன்னேன். சொன்ன சொல் தவறாம ஆடி ஒண்ணாந்தேதி சாரக்கட்டு மரத்தோட வந்து நிக்கிறாரு மனுஷன்! யாராவது ஆடியில கட்டட வேலை ஆரம்பிப்பாங்களா சம்பந்தி? நீங்களே சொல்லுங்க. ‘எனக்கு ஆடியும் இல்ல ஆவணியும் இல்ல சார்’ங்குறாரு. உமக்கு இல்லய்யா, எனக்கு இருக்கே! ஆவணியில ஆரம்பிக்கலாம்னா ஆவணியில முகூர்த்தம். புரட்டாசி ஆகாது. ஐப்பசியில மழை. கார்த்திகையில மழையும் முகூர்த்தமும். மார்கழியில மண்டபம் காலி, ஆனா மார்கழியும் ஆகாது, அதோட அது அந்தாளுக்கு கிறிஸ்துமஸ். தை பொறந்தா திரும்ப முகூர்த்தம். இப்படியே ஏழு வருஷம் ஓடிப்போச்சு. நான் முடியாதுன்னு ஒரு தடவை சொல்லல. நாள் அமையல, அவ்வளவுதான்.

கல்லு விழுந்துச்சு. மறைக்கல. மொதக் கல்லு அந்த ஆடிக்கு அடுத்த ஆவணியில, ஃபிளக்ஸ்ல இருந்த மாப்பிள்ளையோட மூக்குல. படம் கிழிஞ்சு தொங்குது, பொண்ணு வீட்டுக்காரங்க சகுனம்னு மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க. நான் ஓடிப்போயி, ‘திருஷ்டி கழிஞ்சுது, இனிமே உங்களுக்கு ஒரு குறையும் வராது’ன்னேன். அப்படியே அடங்கிட்டாங்க. அந்தத் தம்பதிக்கு இப்ப ரெண்டு புள்ளைங்க. ரெண்டாவது கல்லு தவில்காரரோட ஸ்கூட்டர் சீட்டுல. அவரு அப்ப மேடையில வாசிச்சுக்கிட்டிருந்தாரு, சீட்டுல இல்லையே. இருந்தாலும் ஒரு பொறுப்பு வேணும்ல? அந்த எடத்துல வண்டி நிறுத்தக் கூடாதுன்னு பெரிய தகர போர்டு எழுதி மாட்டினேன். எங்க மாட்டறது? செவுத்துலதான். நாலு மூலைக்கும் பெரிய ஆணியா அடிச்சு.

என் காரா? பின்பக்கம் நிக்குது. நெழலுக்குத்தான். இங்கயும் நெழல்தான்... சரி, அதை விடுங்க. இது தோள்ல விழுந்தது தூசு. காத்து அடிச்சா கொட்டும். பட்டுச் சட்டை, தட்டிவிட்டாப் போயிடும்.

மூணாவதுதான் வம்பாப் போச்சு. இந்த ஆனி மாசம், கடைசி முகூர்த்தம். கல்யாணப் பொண்ணு என் மக சங்கவிக்கு ஸ்கூல் சிநேகிதி. அதனால இவளே வாசல்ல நின்னு வரவேற்கிறேன்னு பன்னீர்ச் சொம்பைத் தூக்கிக்கிட்டா. பன்னீர், சந்தனம், கல்கண்டு, எல்லாம் ஒரு மேசை மேல. மேசை எப்பவும் இங்கதான், ஆர்ச்சுக்கு நேர் கீழ, இப்ப நான் உக்காந்திருக்கேனே இதே எடத்துல. கல்லு நேரா வந்து கல்கண்டுத் தட்டுல விழுந்துச்சு. மேசை ரெண்டாப் போச்சு. அவ கைக்கும் கல்லுக்கும் ஒரு சாண். மேல படல சம்பந்தி, படவே இல்ல. கல்கண்டு தெறிச்சு நெத்தியில ஒரு கீறல், அவ்வளவுதான். ஆனா கையில இருந்த சொம்பை அவ கீழ வைக்கவே இல்ல. கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா. நாலு பேரு சேர்ந்து வெரலைப் பிரிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் பத்து நாள் எனக்குத் தூக்கம் இல்ல. ஆனி மாசம், புழுக்கம். வேற ஒண்ணும் இல்ல.

அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் இவ கல்யாணப் பத்திரிகை அடிச்சு வந்திருந்துச்சு. ஆடியில அடிக்கக் கூடாதுன்னு ஆனியிலயே அடிச்சு, வெளியூருக்கெல்லாம் தபால்ல அனுப்பியாச்சு. இடம், சுலோச்சனா திருமண மண்டபம். சுலோச்சனா என் சம்சாரம். அவ பேருலதான் மண்டபமே கட்டினேன். இருபத்திரண்டு வருஷமா ஊரான் வீட்டுக் கல்யாணமெல்லாம் பண்ணி வச்சவன், எம்பொண்ணு கல்யாணத்துக்கு இந்த ஆர்ச்சு முழுக்க மல்லிகைச் சரம் தொங்கவிடணும்னு இருந்தேன் சம்பந்தி. அது ஒண்ணுதான் என் ஆசை. அவளுக்கு மூணு வயசுல மண்டபம் தெறந்தோம், அப்பலேர்ந்து இருக்குற ஆசை. அவ என்னடான்னா சாப்பாட்டுத் தட்டை நகத்தி வச்சுட்டு, ‘அப்பா, அந்தச் செவுத்துக்குக் கீழ என் கால் படாது. ஆடி முழுக்க மண்டபம் காலிதான். சரி பண்ணுங்க. இல்லைன்னா வேற மண்டபம்’னுட்டா.

ஆடியில எப்படிம்மான்னேன். சுலோச்சனாதான் பதில் சொன்னா. ‘ஏங்க, மொதல்ல என் பேரை அதுலேர்ந்து எடுங்க. நாளைக்கு யாரு தலையிலயாவது விழுந்தா சுலோச்சனா விழுந்து செத்தாங்கன்னுல்ல சொல்லுவாங்க’ன்னா. எப்படிப் பேச்சு பாருங்க! நானும் எறங்கித்தான் வந்தேன். ‘சரி, பொண்ணு மட்டும் பின்பக்கமா, சமையக்கட்டு வழியா வரட்டும்’னேன். ‘மாப்பிள்ளை வீட்டுக்காரங்க?’ன்னா சங்கவி. அவங்க வேகமா நடப்பாங்கம்மான்னு சொன்னேன். சொல்லும்போதே அது சரியா வரலைன்னு எனக்கே தோணுச்சு. ஆடி முழுக்க வீட்ல மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேச்சு இல்ல. அந்தோணிசாமி அந்த மாசமும் வந்து பாத்துட்டு, இந்தக் கயித்தைக் கட்டிட்டுப் போனாரு.

ஆவணி ஒண்ணாந்தேதி. காலையில நான் காப்பி குடிச்சுக்கிட்டிருக்கேன், எம்பொண்ணு ரோட்டைத் தாண்டி நேரா துரைக்கண்ணுகிட்டப் போயி அவன் மண்டபத்தைப் பேசிட்டு வந்துட்டா! அவனுக்கு இந்தத் தேதியில ஒரு கல்யாணம் தள்ளிப் போயிருந்துச்சாம். மத்தியானமே இங்க வந்துட்டான். ‘அண்ணே, உங்க பொண்ணு எம்பொண்ணு மாதிரிண்ணே’ன்னான். சிரிச்சான் சம்பந்தி. இல்ல, சிரிக்கலைன்னு சுலோச்சனா சத்தியம் பண்றா. எனக்குச் சிரிச்ச மாதிரிதான் தெரிஞ்சுது. அவன் மண்டபத்துல என்ன இருக்கு? கண்ணாடி! உள்ள ஏ.சி.! வெளிய ஒரு கல்லாவது தெரியுதா?

கையில இருந்த பத்திரிகைக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. தபால்ல போனதுக்கு என்ன பண்றது? பாதிப் பேருக்குப் போன்ல சொல்லியாச்சு, உங்களை மாதிரி சில பேரு விட்டுப்போச்சு. அதான், இங்க நின்னு திருப்பி அனுப்ப ஒரு ஆளு வேணும். சமையல்காரர் ஆளு ஒருத்தரை நிறுத்தலாம்னா சுலோச்சனா. வேணாம், நானே உக்காருறேன்னேன். ‘அந்தப் பக்கம் ரோட்டோரமா உக்காருங்க’ன்னா. நான் ஆர்ச்சுக்கு நேர் கீழ நாற்காலியைப் போட்டேன். ஊரு பாக்கட்டும்! மூணு மணிலேர்ந்து உக்காந்திருக்கேன். விழுந்துச்சா? நீங்களே சாட்சி, விழுந்துச்சா? போன் அடிச்சா அடிக்கட்டும் சம்பந்தி, அது சங்கவிதான், எட்டாவது தடவை. எடுத்தா, எந்திரிச்சு வாங்கப்பாம்பா. வர மாட்டேன். மாப்பிள்ளை அழைப்பு வரும்போது நான் இங்கதான் உக்காந்திருப்பேன். வாண வேடிக்கை, பேண்டு செட்டு, எல்லாத்தையும் இந்தச் செவுரு தாங்குறதை மொத்தப் பேரும் பாக்கணும். இதுல ஒண்ணும் இல்லைன்னு தெரியணும்.

யாரு அது, எதிர் மண்டபத்து வாசல்ல? கண்ணாடி வெயில்ல கூசுது, சரியாத் தெரியல. சங்கவியா? பாதிச் சடையில எந்திரிச்சு வந்திருக்கா பாருங்க, பூவெல்லாம் ஒரு பக்கம் தொங்குது. ரெண்டு கையிலயும் மருதாணி ஈரம், தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வர்றா. ஏய், பஸ் வருதுடி, பாத்து! கல்யாணப் பொண்ணு ரோட்டுல வரலாமா? போம்மா, உள்ள போ. இதோ வர்றேன்னு அம்மாகிட்டச் சொல்லு. போன்னு சொல்றேன்ல. ஏய், அங்கயே நில்லு. அங்க நின்னு பேசு. காது கேக்குது எனக்கு, அங்க நின்னே பேசு! கயித்துகிட்ட வராத. சங்கவி! கயித்தைத் தாண்டாத! சம்பந்தி, அவளைப் பிடிங்க, சும்மாப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே! ஏய், அந்த நாற்காலியில உக்காராத. உக்காராதடி! எந்திரி! எந்திரிடி, எந்திரி, அய்யய்யோ, எந்திரிச்சுத் தொலைடி!

வந்துட்டோம். வந்துட்டோம். விடு, மூச்சு வாங்குது. ஒரு செருப்பு கயித்துக்கு உள்ளயே போச்சு. மருதாணி பூரா என் சட்டையில. இருக்கட்டும். கையைக் காட்டு, எங்கயாவது பட்டுச்சா? மேல ஒண்ணும் விழலையே? திரும்பு. தலையக் காட்டு.

என்ன கேக்குறா தெரியுதா சம்பந்தி? ‘உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னா எனக்கும் ஆகாதுல்ல, அப்புறம் ஏம்ப்பா இழுத்துட்டு வந்தீங்க?’ங்குறா. நிதானமாக் கேக்குறா. விழும்டி. அது விழும். எனக்குத் தெரியும்டி. அந்தோணிசாமி தட்டினப்ப எனக்கும் காது கேட்டுச்சு. ஏழு வருஷமாத் தெரியும். போதுமா? இப்பச் சந்தோஷமா?

சந்தோஷப்படுவான்னு பாத்தா, இல்ல. அழுவுறா. ‘இந்த ஏழு வருஷமா அங்க பன்னீர் தெளிச்ச பொண்ணுங்களுக்கும் அப்பா இருந்தாங்கல்லப்பா’ங்குறா. நான் என்ன சொல்லட்டும் சம்பந்தி? பெரம்பலூர்லேர்ந்து வந்திருக்கீங்க, நாலு எடம் பாத்தவரு, நீங்க சொல்லுங்க. எம்பொண்ணு முகத்தைப் பாக்க முடியல என்னால.

அது என்ன வேன்? உங்க ஆளுங்களா? ஆர்ச்சுகிட்ட ஏன் கொண்டு போறான்? கயித்தை ஒட்டி நிறுத்துறானே, கதவத் தெறக்குறான், பொம்பளைங்க கொழந்தை குட்டியோட எறங்குறாங்களே. சங்கவி, நீ இங்கயே இரு. யோவ் டிரைவர்! எடுய்யா வண்டிய! அம்மா, எறங்காதீங்கம்மா, ஏறுங்க, உள்ள ஏறுங்க! பத்திரிகையில அப்படித்தான் போட்டிருக்கு, அந்த மண்டபம் இல்லம்மா, எதிர் மண்டபம், துரைக்கண்ணு மண்டபம்! அந்தத் துரைக்கண்ணு வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டிருக்கான், கேட்டுக்கட்டும்! பின்னால எடுய்யா! என் செவுரு சரியில்லைய்யா, விழுந்துரும்யா!